சமீருக்குப் போட்ட அஞ்சு வண்ணக் கோடி

எனக்கு எழுபத்து மூணு வயசு. வளர்த்த பிள்ளைகள் ஆறு. பெத்தது மூணு, தாயில்லாமல் வந்த கொழுந்தனார் மகன் ஒருத்தன், இந்தத் தேசத்துக்கு வந்த பிறகு பேத்தி ஒருத்தி, பேரன் ஒருத்தன். ஆறில் ஒன்றும் சோடை போகவில்லை. மூணாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் எழுத உட்கார்ந்தால், இவளுக்கு என்ன தெரியும் என்று ஒரு பேச்சு வரும் பாருங்கள், அதற்காக முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

பேத்தி வார லீவில் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறாள். வீட்டுப் பெரியவர்களிடம் சிறுவயதில் நடந்தது ஒன்றை எழுதி வாங்கி வரச் சொன்னார்களாம். எந்தச் சிறுவயது என்று கேட்டேன். எனக்கு ரெண்டு இருக்கிறது. முதலாவது கோபிச்செட்டிபாளையம் பக்கம். அது எல்லாருக்கும் நடந்த மாதிரிதான் நடந்தது, எழுத ஒன்றுமில்லை. ரெண்டாவது டெக்ஸாஸில், ரிச்சர்ட்சனில். அது எனக்கு ஐம்பத்தெட்டாம் வயசில் வந்தது.

சிரிக்க வேண்டாம். தொண்ணூத்தஞ்சோ ஆறோ, மருமகள் மாசமாக இருக்கிறாள் என்று மகன் என்னை வரவழைத்தான். ஊரில் நாலு பேர் பஞ்சாயத்துக்கு என்னைக் கூப்பிடுவார்கள். இங்கே வந்து இறங்கின மறுநாள் என்னைப் பிள்ளையாக்கி விட்டார்கள். தனியாக ரோட்டைத் தாண்டக் கூடாது. யார் தட்டினாலும் கதவைத் திறக்கக் கூடாது. போன் அடித்தால் எடுக்கக் கூடாது. வீட்டு நம்பர் எழுதின சீட்டை மகன் என் முந்தானையில் முடிந்து விட்டான், திருவிழாவில் பிள்ளைக்குச் செய்கிற மாதிரி. பேச்சு வராது, எழுத்துத் தெரியாது, கொடுத்ததைத் தின்று சொன்ன இடத்தில் உட்கார வேண்டும். இதற்குப் பேர் சிறுவயது இல்லாமல் வேறென்ன?

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். கடுகு தாளிக்கக் கூடாது என்றதைத்தான் பொறுக்க முடியவில்லை. அடுப்புக்கு நேர் மேலே கூரையில் ஒரு வெள்ளை டப்பா. புகை பட்டால் அது ஊரைக் கூட்டும். ஒருநாள் மகனும் மருமகளும் ஆபீஸ் போனதும் துணிந்து தாளித்தேன். டப்பா கத்தத் தொடங்கியது. நான் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறேன், கதவு தட்டுகிற சத்தம். திறக்கக் கூடாது என்று சட்டம். திறந்தேன்.

பக்கத்து வீட்டுக்காரி. என்னைவிட ஏழெட்டு வயசு சின்னவளாக இருப்பாள், தலையில் வெள்ளை முக்காடு, கையில் துண்டு. விறுவிறுவென்று உள்ளே வந்தாள், நாற்காலியில் ஏறினாள், துண்டை டப்பாவுக்குக் கீழே விசிறினாள், அது வாயை மூடியது. பிறகு வாணலியை எட்டிப் பார்த்தாள். மூக்கை இழுத்தாள். "குட்," என்றாள். நெஞ்சில் கை வைத்து "உம் சமீர்" என்றாள். நான் தட்டம் எடுத்து வைத்தேன். அப்படித்தான் எங்கள் சிநேகிதம் தொடங்கியது.

என்னிடம் இருந்த இங்கிலீஷ் ஒரு கைப்பிடி. அவளிடம் ஒரு படி. அதை வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்கப் பேசுவோம். லெபனான் மலையில் பிறந்தவள். என்னைப் போல புருஷனைப் பறிகொடுத்தவள். ஒரே மகன் சமீர், இந்த நாட்டுப் பட்டாளத்தில் இருந்தான். அவர்கள் ஊரில் மூத்த மகன் பேரைச் சொல்லித்தான் தாயைக் கூப்பிடுவார்களாம். உம் சமீர் என்றால் சமீரின் அம்மா, அவ்வளவுதான். அவளுடைய சொந்தப் பேரை நான் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை.

மருமகள் ஒருநாள் கேட்டாள், "அத்தை, அந்த ஆன்ட்டி முஸ்லிமா, கிறிஸ்டியனா?"

"ரெண்டும் இல்லையாம்."

"அதெப்படி ரெண்டும் இல்லாம?"

"நாம ரெண்டும் இல்லாம இல்லையா? அவங்க துரூஸாம். நமக்குக் குலம், கூட்டம்னு இருக்கிற மாதிரி அவங்களுக்கும் ஒண்ணுன்னு வெச்சுக்க."

நான் சொன்னது பாதி சரி, பாதி தப்பு. ஆனால் அந்த அப்பார்ட்மெண்டில் யாருக்கும் அந்தப் பாதிகூடத் தெரியாது. உம் சமீர் வீட்டுச் சுவரில் அஞ்சு முனை நட்சத்திரம் ஒன்று மாட்டியிருக்கும். முனைக்கு ஒரு வண்ணம். பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை. இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். ஒவ்வொரு முனையாகத் தொட்டு ஏதோ சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தி, உதட்டில் விரல் வைத்துச் சிரித்தாள். அவர்களுக்குள்ளேயே எல்லாருக்கும் எல்லாவற்றையும் சொல்லித்தர மாட்டார்களாம். சரி, நம் வீட்டிலும் அப்படி நாலு விஷயம் இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

சமீர் ஒருமுறை லீவில் வந்தான். ஓங்குதாங்கான பையன், இருபத்து ரெண்டு வயசு. நாலு நாளும் என் கையால் தோசை சாப்பிட்டான். என் கஷ்டத்தை அவன் அம்மா சொல்லியிருப்பாள் போல, ஸ்குரூ டிரைவரோடு வந்து அந்த வெள்ளை டப்பாவைக் கழற்றி நடைப்பக்கமாக மாற்றி மாட்டினான். "நவ் குக், ஆன்ட்டி!" என்று சல்யூட் அடித்தான். மாசக்கணக்கில் அப்பார்ட்மெண்ட் ஆபீசுக்குப் போன் போட்டும் என் மகனால் நடக்காத காரியம். அன்றைக்கு அமெரிக்காவில் முதல் தடவையாக நான் பயமில்லாமல் கடுகு தாளித்தேன்.

அவன் போய் ரெண்டு மாசம் இருக்கும். காலை நேரம். கதவில் பொத்து ஒன்று இருக்கிறதே, கண்ணாடி வைத்தது, அதன் வழியாகப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. பட்டாளத்து உடுப்பில் ரெண்டு பேர் உம் சமீர் வீட்டு வாசலில் நின்றார்கள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் தொப்பியைக் கழற்றின ஆளின் முகம் தெரியும். அவர்கள் பேசி முடிக்கும் முன்னால் நான் கதவைத் திறந்துகொண்டு ஓடினேன்.

பயிற்சியில் ஹெலிகாப்டர் விழுந்துவிட்டதாம்.

எங்கள் வழக்கம் என்ன, கட்டிப்பிடித்து ஓவென்று ஒப்பாரி எடுப்போம். நான் எடுத்தேன். ஒரு அடி பாடியிருக்க மாட்டேன், உம் சமீர் என் வாயைப் பொத்தினாள். அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. "நோ க்ரை," என்றாள். "சமீர் நவ் பேபி. பார்ன். சம்வேர். ஹீ க்ரை மில்க். வீ நோ க்ரை."

அவர்கள் நம்பிக்கையில் உயிர் ஒரு நொடிகூட வெளியே நிற்காதாம். விட்ட மூச்சோடு இன்னொரு குழந்தையாகப் பிறந்துவிடுமாம். அதுவும் அவர்கள் கூட்டத்திலேயேதான் பிறக்குமாம். நமக்கும் மறுபிறவி உண்டு என்று சொல்ல எனக்கு வார்த்தை போதவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். அழாமல் துக்கம் காப்பது அழுவதைவிடப் பெரிய வேலை, அன்றைக்குத்தான் செய்து பார்த்தேன்.

ஹூஸ்டனிலிருந்து சமீரின் சித்தப்பா வந்தார். தலையில் வெள்ளைக் குல்லா, பெரிய மீசை, சுத்தமான இங்கிலீஷ். அவர்தான் பட்டாளத்தாரோடு பேசி எல்லாம் ஏற்பாடு செய்தார். உடம்பு வந்து சேர்ந்த மூணாம் நாள் அடக்கம் என்று முடிவானது. அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டில் சண்டை. என் மகன் துக்கம் கேட்கப் போனவன் நடுவில் மாட்டிக்கொண்டான். நான் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன சொல்றாங்க, என்ன சொல்றாங்க" என்று பிடுங்கி எடுத்துக்கொண்டிருந்தேன்.

"அந்த அஞ்சு கலர்ல அவங்க ஆளுங்க கொடி ஒண்ணு இருக்காம்மா. அதை இந்த ஆன்ட்டியோட அண்ணன் லெபனான்ல இருந்து கொண்டு வர்றதா இருந்தாராம். விசா கிடைக்கலை."

"அண்ணன்னா, சமீருக்குத் தாய்மாமன்."

"ஆமா. அங்கிள் சொல்றாரு, அது வேண்டாம், இந்த நாட்டுக் கொடி போத்தறாங்க, அதே பெரிய மரியாதைன்னு. நாலு பேர் இது என்ன கொடி, நீங்க யாருன்னு கேப்பாங்க, இத்தனை வருஷம் யாரும் கேக்காம நல்லபடியா இருந்தாச்சு, இப்ப எதுக்குங்கறாரு. அடக்கம் பண்றவங்க சிலுவை வைக்கவா பிறை வைக்கவான்னு கேட்டாங்களாம். எதுவும் வேண்டாம்னு சொல்லிட்டாராம்."

அந்த நேரம் உம் சமீர் எழுந்தாள். அதுவரை அவர்கள் பாஷையில் பேசியவள், எங்களுக்கும் விளங்கட்டும் என்றோ என்னவோ, இங்கிலீஷில் கேட்டாள். "நத்திங்? மை சன் நத்திங்?"

அதை எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

இந்த நாட்டுக் கொடி வேண்டாம் என்று அவள் சொல்லவே இல்லை. அவன் விரும்பிப் போட்ட உடுப்பு அது. ஆனால் இவன் இன்னார் வயிற்றில், இன்ன கூட்டத்தில் பிறந்தவன் என்று காட்ட அவன் மேல் ஒரு முழத் துணியாவது கிடக்க வேண்டும் என்றாள். எனக்கு அது அப்போதே விளங்கிவிட்டது. எங்கள் பக்கம் சாவு வீட்டில் சம்பந்தக்காரர்கள் கோடித் துணி கொண்டுவந்து உடம்பின் மேல் போடுவார்கள். அதிலும் தாய்மாமன் கோடி விழாமல் பிணத்தை எடுக்க விடமாட்டார்கள். தாய்மாமன் வெளியூரில் இருந்தால் அவர் பங்காளி போடுவார். அவரும் இல்லையென்றால் பிறந்த வீட்டு முறையில் யாராவது போட்டே ஆக வேண்டும்.

வீட்டுக்கு வந்து மகனிடம் சொன்னேன், "அந்தக் கோடியை நான் போடறேன்."

"அம்மா, அது கோடி இல்லை. ஃபிளாக்."

"துணிதானே?"

"துணிதான்..."

"தாய்மாமன் கொண்டு வர்றதுதானே?"

அவன் மருமகளைப் பார்த்தான். மருமகள் கூரையைப் பார்த்தாள்.

மறுநாள் அவர்கள் ஆபீஸ் போனதும் நான் உம் சமீர் கதவைத் தட்டினேன். சுவர் நட்சத்திரத்தைக் காட்டினேன், ஊசியால் தைக்கிற மாதிரி கையைக் காட்டினேன். அவள் கார்ச் சாவியை எடுத்தாள். சொல்லாமல் கொள்ளாமல் நான் வீட்டை விட்டுப் போனது அதுதான் முதல் தடவை. முந்தானை முடிச்சில் சீட்டு இருக்கிறதா என்று மட்டும் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

நம் ஆட்கள் கடை வரிசை ஒன்று இருக்கிறதே, பருப்பும் வெண்டைக்காயும் ஒரு பக்கம், சேலை ஒரு பக்கம். அங்கே பச்சை கிடைத்தது, சிவப்பு கிடைத்தது, மஞ்சள் கிடைத்தது. நீலம் இல்லை. இருந்த நீலமெல்லாம் பூப்போட்டது, இல்லாவிட்டால் சரிகை போட்டது. கடைக்காரப் பெண் எடுத்துப்போட்ட எல்லாவற்றுக்கும் உம் சமீர் வேண்டாம் என்று தலையாட்டினாள். வெள்ளைக்குக் கவலை இல்லை. என்னிடம் மடிப்புக் கலையாத வெள்ளைச் சேலை ஒன்று பெட்டியில் இருந்தது. எங்கள் பக்கம் புருஷன் போனவளுக்கு வெள்ளைதானே. கல்யாணத்தில், சீரில், பின்வரிசையில் நிற்கிற நிறம்.

சாயங்காலம் மருமகள் வந்து பார்க்கும்போது நாலு வண்ணத்தையும் விரித்து வைத்துக்கொண்டு உம் சமீர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். என் வீட்டில் தைக்கவில்லை. மாசமாக இருக்கிற பெண் இருக்கிற வீட்டில் சாவுக் கோடி தைக்கலாமா? மருமகள் வாசலிலேயே நின்று, "அத்தை, எந்த ப்ளூ வேணும்?" என்றாள்.

"நீ உள்ளே வராதே. வீட்டுக்குப் போ."

போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். கையில் அவள் வளைகாப்புக்கு அவள் அம்மா சென்னையிலிருந்து அனுப்பின நீலச் சேலை. கவர்கூடப் பிரிக்கவில்லை.

"பைத்தியமா உனக்கு? வளைகாப்புச் சேலையைச் சாவுக்குத் தருவாங்களா?"

"ஏன், துணிக்குத் தெரியுமா அத்தை, தான் எதுக்கு வாங்கினதுன்னு?"

"உங்கம்மாவுக்குத் தெரியும்."

"அம்மாகிட்ட போஸ்ட்ல தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிக்கறேன்." வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து சேலையை என் மடியில் வைத்தாள். "சமீர் நம்ம ஸ்மோக் அலாரத்தை மாத்தி வெச்சான்ல. நீங்க தாளிச்சு நான் சாப்பிட்ட ரசம் எல்லாம் அவன் புண்ணியம்."

சென்னைப் பெண் என்றால் பந்தம் பாசம் பார்க்க மாட்டாள் என்று ஊரில் என்னிடம் சொல்லி அனுப்பினவர்கள் உண்டு. அவர்கள் முகத்தில் கரியைப் பூசினாள்.

உம் சமீர் அந்த நீலத்தைப் பார்த்ததும் தலையாட்டினாள். இந்தத் தடவை மேலும் கீழும். கரையை வெட்டிவிட்டுத் தைத்தேன். மேலே பச்சை, அப்புறம் சிவப்பு, மஞ்சள், நீலம். வெள்ளையைக் கடைசி ஓரத்தில் வைக்கச் சொன்னாள். எனக்குப் பழகின இடம்தானே என்று மனசில் நினைத்துக்கொண்டேன். தைத்து முடித்ததும் அவள் ஒரு காரியம் செய்தாள். மற்ற நாலையும் தடவிக் கொடுத்தவள், வெள்ளையை மட்டும் எடுத்து முத்தமிட்டுத் தன் நெற்றியில் வைத்தாள், பிறகு என் நெற்றியில் வைத்தாள். பிறகு தன் முக்காட்டைத் தொட்டு, என் சேலையைத் தொட்டு, "சேம்," என்றாள். அவர்களில் பக்தியும் மரியாதையும் உள்ள பெண்கள்தான் வெள்ளை போடுவார்களாம். நான் முந்தானையை எடுத்து அவளைப் போலவே தலையில் போட்டுக்கொண்டேன்.

அடக்கம் ஊருக்கு வெளியே ஒரு கல்லறைத் தோட்டத்தில். பச்சைப் புல், வெயில், காற்று. என் மகன் அரை நாள் லீவு போட்டு எங்களைக் கூட்டிப் போனான். மாசமாக இருக்கிறவள் வரக் கூடாது என்றதை மருமகள் கேட்கவில்லை, அவளும் ஏறிக்கொண்டாள். ஹூஸ்டனிலிருந்தும் ஆஸ்டினிலிருந்தும் அவர்கள் ஆட்கள் வந்திருந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம் குல்லாயோடு, பெண்கள் ஒரு பக்கம் வெள்ளை முக்காட்டோடு. அந்த வெள்ளையில் நான் கலந்து நின்றால் வித்தியாசம் தெரியவில்லை. சமீரின் கூட்டாளிப் பையன்கள் உடுப்பில், வெள்ளைக் கையுறையோடு பெட்டியைத் தூக்கி வந்து வைத்தார்கள். மேலே இந்த நாட்டுக் கொடி, சுருக்கம் இல்லாமல், இழுத்துப் பிடித்து.

நாங்கள் தைத்தது உம் சமீர் மடியில் மடித்து இருந்தது. பெட்டி மேல் வேறு எதுவும் வைக்கக் கூடாது, கொடி மேல் எதுவும் படக் கூடாது என்று பட்டாளத்தார் முன்னாலேயே சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் அண்ணியிடம் சொல்லியிருக்கிறார். அவளும் சரி, மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று ஒத்துக்கொண்டிருக்கிறாள். யாரும் என்னிடம் சொல்லவில்லை. பிள்ளைகளிடம் யார் சொல்வார்கள்?

நான் பார்த்தேன். ஊர்க் கோடி முதலில் விழுந்துவிட்டது. பெரிய கோடிதான், நல்ல கோடிதான். அடுத்து தாய்மாமன் கோடி. யாரும் எழுந்திருக்கவில்லை. ஒரு பெரியவர் ஏதோ ஓதி முடித்துவிட்டார். இனி எடுத்துவிடுவார்களே என்று எழுந்தேன். உம் சமீர் மடியிலிருந்து துணியை எடுத்தேன். நேராகப் போனேன். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பெட்டியைச் சுற்றி ஒரு வலம் வந்து, துணியை உதறி விரித்து, கொடியின் மேலேயே போட்டுக் கும்பிட்டேன்.

அந்தத் தோட்டத்தில் அத்தனை பேர் இருந்தார்கள், ஒரு தும்மல் இல்லை. என் மகன் குரல் மட்டும் பின்னால் மெதுவாகக் கேட்டது. "ஐயோ அம்மா, என் கிரீன் கார்டு!"

சித்தப்பா மீசை துடிக்க என் பக்கம் வந்தார். அவருக்கு முன்னால் பட்டாளத்தில் பெரியவர் ஒருத்தர் வந்துவிட்டார். நரைத்த தலை, நெஞ்சு நிறையப் பட்டை பட்டையாக மெடல். என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனியவில்லை. தப்புச் செய்தால்தானே குனிய வேண்டும்? அவர் உம் சமீரைப் பார்த்தார். அவள் எழுந்து நின்றாள். இந்தத் தடவை அவள் குரல் கடைசி வரிசை வரை போனது.

"மை பிரதர் நோ விசா," என்றாள். என்னைக் காட்டினாள். "ஷீ மை பிரதர்."

யாரோ ஒரு பெண் சிரிப்பை அடக்கினாள். அந்தப் பெரியவர் சிரிக்கவில்லை. அவரும் இன்னொரு சிப்பாயுமாகத் துணியின் ரெண்டு முனையைப் பிடித்தார்கள். பிடுங்கி எறிவார்கள் என்று நினைத்தேன். இல்லை. கொடியை எப்படி மடிப்பார்களோ அப்படி, கையுறை போட்ட கையால் தடவித் தடவி மடித்து, என் ரெண்டு கையிலும் வைத்தார். "ஆஃப்டர், மேம்," என்றார். ஆஃப்டர் எனக்குத் தெரிந்த வார்த்தை. மகன் தினமும் எனக்குச் சொல்கிற வார்த்தை. ஆனால் மகன் சொன்னால் அது நடக்காது.

இவர் சொன்னது நடந்தது. துப்பாக்கி வெடித்தார்கள், ஊதுகுழல் ஊதினார்கள். கொடியை முக்கோணமாக மடித்தார்கள். அந்தப் பெரியவர் முட்டி போட்டு அதை உம் சமீர் கையில் கொடுத்தார். அவள் வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டாள். பெட்டி வெறும் பெட்டியாக நின்றது. அப்போது அவர் திரும்பி, கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து, பெட்டிப் பக்கம் கையை நீட்டினார். நம் பக்கம் பந்திக்கு அழைக்கிற மாதிரி இருந்தது அந்தக் கை.

நான் ஒரு முனை, உம் சமீர் ஒரு முனை. காற்று ஒரு பக்கம் தூக்கியது. இன்னொரு கை வேண்டுமே என்று பார்க்கிறேன், சித்தப்பா வந்து முனையைப் பிடித்தார். பிடித்தவர் சும்மா பிடிக்கவில்லை. நான் பச்சையைக் காலடியில் போட்டிருந்தேன். தலையை ஆட்டி, துணியைச் சுற்றித் திருப்பி, பச்சை எந்தப் பக்கம் வர வேண்டுமோ அந்தப் பக்கம் வைத்து, ஒரு சுருக்கம் இல்லாமல் நீவி விட்டார். வேண்டாம் என்றவர் கைதான் அதை எல்லாரையும்விட நேராகப் போட்டது. போட்டதும் பட்டாளத்துப் பெரியவர் ஒரு சல்யூட் வைத்தார். அந்தக் கையுறைப் பையன்கள் அத்தனை பேரும் வைத்தார்கள். ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது, அதன் மேல் இன்னொரு குரல், பிறகு எல்லாரும் சேர்ந்து அவர்கள் பாஷையில் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அழுகை இல்லை அது. ஊர் கூடி ஒருத்தனைப் பேர் சொல்லி வழியனுப்புகிற சத்தம்.

பெட்டி இறங்கியது. பச்சை, சிவப்பு, மஞ்சள், என் மருமகளின் நீலம், என் வெள்ளை, எல்லாம் சமீரோடு போனது.

முடிந்த பிறகு சமீரின் கூட்டாளிப் பையன்கள் சித்தப்பாவைச் சுற்றிக்கொண்டார்கள். அது என்ன கொடி, என்று கேட்டார்கள். எதைக் கேட்டுவிடுவார்களோ என்று இத்தனை வருஷம் பயந்தாரோ அதையேதான் கேட்டார்கள். அவர் குல்லாயைச் சரிசெய்துகொண்டார். "வீ ஆர் துரூஸ்," என்று தொடங்கினார். நாங்கள் காரில் ஏறும்போதும் பேசிக்கொண்டுதான் இருந்தார். கை ஆகாயத்தில் மலை போட்டுக் காட்டிக்கொண்டிருந்தது.

கார் ஃப்ரீவேயில் ஏறும்போது மகன், "அமெரிக்கன் ஆர்மி கொடி மேல போர்வை போத்தின முதல் ஆள் நீதாம்மா," என்றான். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவனும் சிரித்துவிட்டான். அன்று ராத்திரியே முந்தானையில் இருந்த சீட்டை நான் அவிழ்த்துப் போட்டேன். மறுபடி முடியச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

நான் சொல்ல வந்தது இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் சிறுவயதுக் கதை என்றால் அந்தப் பிள்ளைக்கு அப்போது விளங்காதது ஒன்றும் இருக்கும் அல்லவா.

மூணு மாசம் கழித்துப் பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே உம் சமீர் வந்துவிட்டாள். சர்க்கரையும் பட்டையும் சோம்பும் போட்டு இடித்த மாவில் அவர்கள் ஊர்ப் பாயசம் ஒரு அண்டா, மேலே வாதுமைப் பருப்பு. குழந்தைக்குத் தங்கத்தில் ஒரு சின்ன நீலமணி. அதற்குப் பிறகு ஒருநாள் தவறாமல் வந்தாள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு முகத்தையே பார்ப்பாள். பாவம், மகனைத் தேடுகிறாள் என்று நினைப்பேன். எங்கள் ஆள் எங்கள் கூட்டத்தில்தான் பிறப்பான் என்று அவளே சொன்னவள், இங்கே வந்து என்ன தேடுகிறாள் என்று ஒதுங்கிப் போய் அழுவேன். மாசக்கணக்கில் அப்படி இரக்கப்பட்டேன். எத்தனை பெரிய மடத்தனம்!

குழந்தைக்குக் காது குத்துகிற நாள் வந்தது. மடியில் உட்கார வைக்கத் தாய்மாமன் வேண்டும். மருமகளின் அண்ணனுக்கு விசா கிடைக்கவில்லை. என்ன செய்வது என்று நாங்கள் முழித்துக்கொண்டிருக்கும்போது உம் சமீர் வந்து, வெள்ளை முக்காட்டைச் சரிசெய்து, மனையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, குழந்தைக்குக் கையை நீட்டினாள்.

"நோ விசா," என்றாள். "மீ பிரதர்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் யாரையும் தேடி வரவில்லை. கோடி போட்டவள் பிறந்த வீட்டு ஆள்; நான் அவளுக்கு அப்படியென்றால் அவளும் எங்களுக்கு அப்படித்தான். அந்த முறையை அவளுக்குச் செய்து காட்டினவள் நான்தான், செய்ததோடு மறந்தவளும் நான்தான். அவள் மறக்கவில்லை. முதல் நாளிலிருந்து அவள் வந்தது எங்கள் பிறந்த வீடாக.

பதினாலு வருஷம் ஆகிவிட்டது. இதோ இப்போதும் எதிரில்தான் உட்கார்ந்து கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருக்கிறாள். நான் என்ன எழுதுகிறேன் என்று ரெண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டாள். சரி கண்ணு, எழுதினது போதும். இப்படி வா, எழுத்துக் கூட்டியாவது எனக்கு ஒருதரம் படித்துக் காட்டு. சத்தமாகப் படி, சின்னப் பாட்டிக்கும் கேட்கட்டும். தமிழ் அவளுக்கு விளங்காது, பரவாயில்லை. உம் சமீர் என்று வருகிற இடத்தில் மட்டும் அவசரப்படாமல் நிறுத்திச் சொல்லு. அது அவள் மகன் பேர்.